நாலு பென்ஸ் படுக்கை

லண்டன் மாநகரத்தின் கிழக்குப் பகுதியில் டார்ஸெட் வீதி என்று ஒரு தெரு இருந்தது. வீதி என்று சொல்வது கூட அதற்கு அதிக மரியாதைதான். மொத்த நீளமே சுமார் 130 கஜம். ஒரு கோடியில் நின்று கூப்பிட்டால் மறுகோடியில் கேட்கும். 1904-ல் அதற்கு டூவல் வீதி என்று வேறு பெயர் வைத்தார்கள். 1920களின் இறுதியில் காய்கறி மார்க்கெட்டைப் பெரிதாக்குவதற்காக வடக்குச் சாரி வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியிருந்த கொஞ்சமும் நம் காலத்தில் போய்விட்டது. இன்று அந்த இடத்தில் பெரிய காரியாலயக் கட்டடம் நிற்கிறது.

இப்படி அடியோடு மறைந்துபோன ஒரு சந்தில், எந்த எண் வீட்டில் யார் குடியிருந்தார்கள், எந்த ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது, வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று இன்றைக்கும் விடாமல் தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அந்தத் தெருவுக்கு இழுத்து வந்தவன் ஒரு கொலைகாரன். ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். விக்டோரியா மகாராணியின் காலத்தில், 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரை, எழுபது நாட்களுக்குள் வொய்ட்சேப்பல் வட்டாரத்தில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். இன்னும் சிலரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. கொன்றவன் அகப்படவில்லை. இவன்தான், அவன்தான் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களை இதுவரை சொல்லியாயிற்று. அந்தப் பெயர்களை நாம் விட்டுவிடலாம். அதில் எனக்கு ருசி இல்லை. கொலைகாரனைத் தேடப் போனவர்களுக்கு அவன் கிடைக்காமல், வேறு ஒன்று கிடைத்ததே, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சிறு வேடிக்கை செய்து பார்க்கலாம். அந்த வட்டாரத்தின் வரைபடத்தை விரித்து, ஐந்து பெண்களும் பிணமாகக் கிடந்த இடங்களில் ஐந்து புள்ளிகள் வையுங்கள். மேற்கே மைட்டர் சதுக்கம், கிழக்கே பக்ஸ் ரோ, தெற்கே பெர்னர் வீதி, வடக்கே ஹான்பரி வீதியும் டார்ஸெட் வீதியும். கிழக்கு மேற்காக ஏறக்குறைய ஒரு மைலுக்குப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இந்தச் சிதறலைப் பார்த்து எத்தனையோ பேர் எத்தனையோ கோடுகள் போட்டிருக்கிறார்கள்.

இப்போது அதே பெண்கள் கடைசியாகப் படுத்துத் தூங்கிய இடங்களில் புள்ளி வையுங்கள். மேரி ஆன் நிக்கல்ஸ்: பிளவர் அண்ட் டீன் வீதி 56, அதற்கு முன்னால் அடுத்த சந்தான த்ரால் வீதி 18. எலிசபெத் ஸ்ட்ரைட்: பிளவர் அண்ட் டீன் வீதி 32. காதரீன் எடோஸ்: அதே வீதி 55. ஆனி சாப்மன்: டார்ஸெட் வீதி 35. மேரி ஜேன் கெல்லி: டார்ஸெட் வீதியிலிருந்து உள்ளே போகும் மில்லர்ஸ் கோர்ட் என்ற முடுக்கில் 13-ஆம் எண் அறை. ஐந்து புள்ளிகளும் ஒரு கைப்பிடிக்குள் வந்து விழுந்துவிட்டன. ஒரு சந்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போகச் சில நிமிஷங்கள் போதும்.

ஏன் இப்படி? அந்தச் சந்துகளில்தான் நாலு பென்ஸ் படுக்கை கிடைத்தது.

பென்ஸ் கணக்கு நம் வாசகிகளுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன். பொது விடுதிகளில் ஒற்றைப் படுக்கை இரவுக்கு நாலு பென்ஸ். இரட்டைப் படுக்கை எட்டு பென்ஸ். கீழே பொதுச் சமையலறை. அங்கே கணப்பில் எப்போதும் நெருப்பு இருக்கும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ரொட்டி சுடலாம், தேநீர் போடலாம், வம்பளக்கலாம். ஆனால் நள்ளிரவுக்கு மேல் விடுதிக் காரியஸ்தர் வந்து கையை நீட்டுவார். காசு இருந்தால் மாடிக்குப் போகலாம். இல்லாவிட்டால் தெருவுக்குப் போகவேண்டியதுதான். 1888 அக்டோபரில் போலீஸார் எடுத்த கணக்கின்படி வொய்ட்சேப்பலில் இப்படிப்பட்ட விடுதிகள் 233. அவற்றில் படுத்தவர்கள் 8,530 பேர்.

வீட்டுக் கணக்கு எழுதும் பெண்மணிகள் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரட்டைப் படுக்கை எட்டு பென்ஸ் வீதம் ஏழு இரவுக்கு 56 பென்ஸ், அதாவது 4 ஷில்லிங் 8 பென்ஸ். மேரி கெல்லி தனி அறைக்குக் கொடுத்த வார வாடகையோ 4 ஷில்லிங் 6 பென்ஸ்தான்! கதவும் தாழ்ப்பாளும் உள்ள சொந்த அறையை விட, பத்துப் பேர் நடுவே போட்ட கட்டிலுக்கு விலை அதிகம். ஏழைக்குத்தான் எல்லாம் விலை கூடுதல். அன்றாடம் காய்ச்சிக்கு ஒரு வாரத்துப் பணம் ஒரே தடவையாகக் கையில் சேர்வது எப்போது?

இந்த விலாசங்களையெல்லாம் எங்கிருந்து பிடித்தார்கள் என்று கேட்பீர்கள். பத்து வருஷத்துக்கு ஒரு முறை இங்கிலாந்தில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறார்கள். வீட்டு எண், பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் எல்லாம் அதில் உண்டு. ஆனால் நூறு வருஷம் ஆகும் வரை அந்த ஏடுகளை வெளியார் பார்க்கக் கூடாது. 1891-ஆம் வருஷத்து ஏடு 1992-ல்தான் திறந்தது. அதிலும் ஒரு சங்கடம். கணக்கு எடுத்தது 1881-லும் 1891-லும். கொலைகள் நடந்ததோ 1888-ல். தினமும் படுக்கை மாறும் ஜனங்களை மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கே போய்ப் பிடிப்பது? வியாபார விலாசப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் கடைக்காரர் பெயர் வரும், மாடியில் ஒண்டியிருப்பவர் பெயர் வராது. தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கோட் என்பவர் நிறுவனம் வரைந்த படங்கள் இருக்கின்றன. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள் என்று வர்ணம் தீட்டி, ஒவ்வொரு கொட்டகையையும் காட்டியிருப்பார்கள். சார்லஸ் பூத் என்ற கனவான் 1889-ல் வெளியிட்ட ஏழ்மை வரைபடமும் உண்டு. பணக்காரத் தெருவுக்கு மஞ்சள், பரம ஏழைத் தெருவுக்குக் கறுப்பு. பிளவர் அண்ட் டீன் வீதி கறுப்பு.

இவற்றோடு ஞானஸ்நானப் பதிவு, கல்யாணப் பதிவு, உழைப்பு விடுதிப் பேரேடு, மரண விசாரணையில் அக்கம்பக்கத்தார் சொன்ன சாட்சியம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வேண்டும். இழை இழையாகக் கோத்துத்தான் பின்னல் உருவாகிறது.

விலாசம் ஒன்று எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஓர் உதாரணம். பக்ஸ் ரோவில் மேரி ஆன் நிக்கல்ஸின் உடலை முதலில் பார்த்தவர் ஒரு வண்டிக்காரர். விடியற்காலை வேலைக்குப் போகிற வழியில் பார்த்தார். விசாரணையில் தம் பெயர் சார்லஸ் க்ராஸ் என்றார். அந்தப் பெயரில் ஆளைத் தேடினால் எந்த ஏட்டிலும் சரியாக அகப்படவில்லை. அவர் சொன்ன விலாசம், டோவ்டன் வீதி 22, ஒரு பத்திரிகையில் வெளியாகியிருந்தது. 1891 ஏட்டில் அந்த வீட்டைப் பார்த்தால் குடியிருப்பவர் சார்லஸ் ஆலன் லெக்மியர். தொழில் வண்டி ஓட்டுதல். தாயின் இரண்டாவது கணவர் பெயர் தாமஸ் க்ராஸ், போலீஸ்காரர். வளர்ப்புத் தகப்பனார் பெயரைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு, ‘இவரே கொலைகாரர்’ என்று கூடச் சிலர் சாதிக்கிறார்கள். வேலைக்குப் போகிற வழியில் ஒரு பிணத்தைப் பார்த்த பாவத்துக்கு நூறு வருஷம் கழித்து இந்தத் தண்டனையா?

மேரி ஆனின் பழைய விலாசங்கள் இன்னும் மனத்தைத் தொடுகின்றன. கொல்லன் மகள். 1864-ல் அச்சக இயந்திரத் தொழிலாளி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஐந்து குழந்தைகள். 1876-லிருந்து 1880 வரை ஸ்டாம்போர்டு வீதியில் பீபாடி தர்மத்தில் கட்டிய குடியிருப்பில் இருந்தார்கள். அங்கே இடம் கிடைப்பது லேசல்ல. ஒழுங்கான சம்பளமும் நல்ல பெயரும் இருந்தால்தான் சேர்ப்பார்கள். அங்கிருந்து அடுத்த விலாசம் லாம்பெத் உழைப்பு விடுதி! அங்கே கதியற்றவர்களுக்குக் கூழ் ஊற்றுவார்கள். பதிலுக்குப் பழைய கப்பல் கயிற்றை விரலால் பிரித்து நாராக்க வேண்டும். புருஷனுக்கும் மனைவிக்கும் நடந்த சச்சரவில், அவர் வேறொரு பெண்ணை நாடியதாக மாமனார் சொன்னார். அவளுடைய குடிதான் காரணம் என்று மாப்பிள்ளை சொன்னார். வீட்டை விட்டு வெளியேறியவள் அவள்தான். வாரத்துக்கு ஐந்து ஷில்லிங் கொடுத்து வந்த கணவர் 1882-ல் அதையும் நிறுத்திவிட்டார்.

1888 வசந்த காலத்தில் வாண்ட்ஸ்வொர்த்தில் ஒரு நல்ல வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தாள். தகப்பனாருக்குக் கடிதம் எழுதினாள்: பெரிய வீடு, முன்னும் பின்னும் மரமும் தோட்டமும், எஜமானர்கள் பக்திமான்கள், குடியைத் தொடாதவர்கள், ஆகவே தனக்கும் நன்றாக நடக்கும் என்று. ஜூலையில் சில துணிமணிகளை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டாள். ஆகஸ்டு 31 பின்னிரவில் த்ரால் வீதி விடுதியில் நாலு பென்ஸ் இல்லாததால் வெளியே அனுப்பப்பட்டாள். இரண்டரை மணிக்கு வொய்ட்சேப்பல் ரோடு மூலையில் எமிலி ஹாலண்ட் என்ற சிநேகிதி அவளைச் சந்தித்து, ‘என்னோடு வந்துவிடு’ என்று கூப்பிட்டாள். அன்றைக்கு மூன்று தடவை படுக்கைக் காசு சம்பாதித்து மூன்று தடவையும் செலவழித்துவிட்டதாகச் சொல்லி, மேரி ஆன் கிழக்கே நடந்தாள். ஐந்து நாள் முன்புதான் அவளுக்கு 43 வயது நிறைந்திருந்தது. அவள் யார் என்று போலீஸாருக்குக் காட்டிக்கொடுத்தது உள்பாவாடையில் இருந்த லாம்பெத் விடுதியின் முத்திரை. பக்ஸ் ரோவின் பெயரை 1892-ல் டர்வர்ட் வீதி என்று மாற்றிவிட்டார்கள்.

ஆனி சாப்மனின் கதையும் இதே ஏணியில் இறங்குவதுதான். கணவர் ஜான் சாப்மன் பெரிய மனிதர் வீட்டுக் கோச்சு வண்டி ஓட்டியவர், 1869-ல் கல்யாணம். வின்ட்ஸர் அருகே பிரபுக்கள் வாழும் பிரதேசத்தில் குடித்தனம். கண்ணியமான உடையில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ இன்றும் இருக்கிறது. ஒரு பெண் குழந்தை மூளைக்காய்ச்சலில் இறந்தது. குடிப்பழக்கம் அவளைக் குடும்பத்திலிருந்து பிரித்தது. கணவர் வாரம் பத்து ஷில்லிங் அனுப்பி வந்தார். 1886 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் இறந்ததும் பணம் நின்றது. குரோஷா பின்னலும் பூவும் விற்றுப் பிழைத்தாள். டார்ஸெட் வீதி விடுதியில் அவள் வழக்கமாகப் படுக்கும் கட்டில் எண் 29. செப்டம்பர் 8 பின்னிரவில், ‘என் கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், காசோடு வருகிறேன்’ என்ற பாவனையில் காரியஸ்தரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் உடல் கிடந்த ஹான்பரி வீதி 29-ஆம் எண் வீட்டை நினைத்தால் நம் ஊர் ஒண்டுக்குடித்தனம் பெரிய பங்களாவாகத் தோன்றும். எட்டு அறைகள், பதினேழு பேர். கீழ் முன்னறையில் ஹார்டிமன் அம்மாள், பதினாறு வயது மகனோடு. பூனைகளுக்கான இறைச்சி விற்பது தொழில். முதல் மாடி முன்னறையில் வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த ரிச்சர்ட்ஸன் அம்மாள், பேரனோடு. இந்த அம்மாளுக்குப் பெட்டி செய்யும் தொழில். கீழே பின்னறையில் வாரா வாரம் பிரார்த்தனைக் கூட்டம் வேறு நடத்துவார். பிறகு ஒரு தகப்பனும் மகனும். ஒரு வண்டிக்காரர் குடும்பம். சுருட்டுச் சுற்றும் சகோதரிகள் இருவர். உச்சியில் டேவிஸ் என்ற கிழவர், மனைவி, மூன்று பிள்ளைகள். பக்கத்து மூலையில் ஸாரா காக்ஸ் என்ற வயதான பெண்மணியை ரிச்சர்ட்ஸன் அம்மாள் தர்மமாக வைத்திருந்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் வேலைக்குப் போவதால் வாசல் கதவு ராத்திரி முழுதும் சாத்துவதில்லை. வழிநடை நேரே பின்முற்றத்துக்குப் போகும். ரிச்சர்ட்ஸன் அம்மாளின் மகன் விடிவதற்கு முன் வந்து, அந்த முற்றத்துப் படியில் உட்கார்ந்து, காலை உறுத்திய பூட்ஸ் தோலைக் கத்தியால் நறுக்கிவிட்டுப் போனார். ஒன்றும் பார்க்கவில்லை. ஆறு மணி சுமாருக்கு டேவிஸ் இறங்கி வந்து பார்த்தார். பதினேழு பேரில் ஒருவருக்கும் ஒரு சத்தம் கேட்கவில்லை. அன்று பகலில் பக்கத்து வீட்டார் காசு வாங்கிக்கொண்டு தங்கள் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்க்க விட்டார்கள்! 1970-ல் மதுபான ஆலை ஒன்று அந்த வீட்டை விழுங்கிவிட்டது.

செப்டம்பர் 30 பின்னிரவில் இரண்டு கொலைகள். எலிசபெத் ஸ்ட்ரைட் ஸ்வீடன் தேசத்துப் பெண். அவள் விஷயத்தில் படுக்கைக் காசு தட்டுப்பாடு இல்லை. அன்று விடுதி அறைகளைச் சுத்தம் செய்து ஆறு பென்ஸ் கூலி வாங்கியிருந்தாள். புருஷனும் குழந்தைகளும் 1878-ல் நடந்த பெரிய படகு விபத்தில் மூழ்கிப் போனதாக எல்லாரிடமும் சொல்லுவாள். பதிவேட்டைப் பார்த்தால் கணவர் ஜான் ஸ்ட்ரைட் 1884-ல்தான் காலமாயிருக்கிறார். கணவர் பிரிந்துவிட்டார் என்று சொல்வதை விட ஆற்றில் போய்விட்டார் என்று சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்ததோ என்னவோ!

முக்கால் மணி நேரத்துக்குள், முக்கால் மைல் தூரத்தில், மைட்டர் சதுக்கத்தில் காதரீன் எடோஸ். அந்தச் சதுக்கத்தில் மூன்றாம் எண் வீட்டில் ஒரு போலீஸ்காரரே குடும்பத்தோடு குடியிருந்தார். நன்றாகத் தூங்கினாராம்.

காதரீன் வுல்வர்ஹாம்ப்டன் ஊர்த் தகரத் தொழிலாளியின் மகள். அவளும் அவளோடு வாழ்ந்த ஜான் கெல்லியும் கென்ட் ஜில்லாவில் ஹாப்ஸ் கொடிக் காய் பறிக்கப் போய், வெறுங்கையோடு கால்நடையாகத் திரும்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கெல்லி ஆறு பென்ஸ் சம்பாதித்தார். ‘நாலு பென்ஸை நீ வைத்துக்கொண்டு விடுதியில் படு. நான் இலவசத் தங்கலுக்குப் போகிறேன்’ என்றாள் அவள். மறுநாள் கெல்லியின் பூட்ஸை இரண்டரை ஷில்லிங்குக்கு அடகு வைத்துச் சாப்பிட்டார்கள். அன்றிரவு குடித்துத் தெருவில் விழுந்ததற்காகப் போலீஸார் அவளைப் பிடித்து வைத்து, ஒரு மணிக்கு விடுதலை செய்தார்கள். அவள் கொடுத்த பெயரும் பொய். பேஷன் வீதி 6 என்று கொடுத்த விலாசமும் பொய். பிணத்தின் அருகே ஒரு கடுகு டப்பாவில் இரண்டு அடகுச் சீட்டுகள் இருந்தன. ஒன்றில் டார்ஸெட் வீதி 6 என்ற விலாசம். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் கெல்லி ஓடி வந்தார். அவர் பூட்ஸ் சீட்டு அது!

போலீஸார் எழுதிய ஜாபிதாவில் அவளிடம் இருந்த சாமான்கள் வரிசையாக இருக்கின்றன. தேயிலை ஒரு தகர டப்பாவில், சர்க்கரை ஒரு தகர டப்பாவில். சோப்புத் துண்டுகள். சீப்பு. மேஜைக் கத்தி. தேக்கரண்டி. விரலுறை ஒன்று. சணல் உருண்டை. உடைந்த மூக்குக் கண்ணாடி. வெள்ளைத் துணித் துண்டுகள் பன்னிரண்டு. சிவப்புக் கையுறை ஒற்றை. படிக்கும்போது முதலில் விளங்காது, பிறகு விளங்கும். வீடு இல்லாதவள் ஒரு முழுக் குடித்தனத்தையும் பாவாடைப் பைகளில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள்.

2019-ல் ஹாலி ரூபன்ஹோல்டு என்ற சரித்திர ஆசிரியை ‘தி ஃபைவ்’ என்ற புத்தகத்தில் இந்த ஐவரின் வாழ்க்கையை மட்டும் எழுதினார். கொலைகளைப் பற்றி வர்ணிக்கவே இல்லை. எல்லாரும் தெருவில் நின்று பிழைத்தவர்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதியதைப் பிற்பாடு எல்லாரும் திருப்பிச் சொன்னார்களே தவிர, மூன்று பேர் விஷயத்தில் அதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர் கட்சி. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்; சண்டை இன்னும் நடக்கிறது. அந்தப் புத்தகத்துக்கு அவ்வருஷம் பெயிலி கிஃபோர்டு பரிசு கிடைத்தது.

கடைசியாக மேரி ஜேன் கெல்லி. ஐந்து பேரில் தன் பெயரில் அறை வைத்திருந்தவள் இவள் ஒருத்திதான். டார்ஸெட் வீதி 26-ஆம் எண் வீட்டின் பின்கூடத்தைப் பலகையடித்துத் தடுத்து 13-ஆம் எண் அறை ஆக்கியிருந்தார்கள். சுமார் பன்னிரண்டடிச் சதுரம். சாவி தொலைந்துபோனதால், உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியே கையை விட்டு உள்தாழ்ப்பாளை நீக்குவாள். மாடியறையில் எலிசபெத் பிரேட்டர், ஒரு பூனைக்குட்டியோடு. முடுக்கின் உட்பக்கம் ஐந்தாம் எண்ணில் மேரி ஆன் காக்ஸ். அன்றிரவு மேரி கெல்லி பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டவள். வீட்டுக்காரர் ஜான் மெக்கார்த்தி, பக்கத்து 27-ஆம் எண்ணில் மளிகைக் கடை வைத்திருந்தார். இவருடைய வம்சாவளியைத் தொடர்ந்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மகன் மணந்தது மேரி கெண்டால் என்ற பிரபல மேடைப் பாடகியை. அவர்கள் வழியில் வந்த கொள்ளுப்பேத்திதான் சினிமா நட்சத்திரம் கே கெண்டால்!

வீட்டுக்காரரின் வம்சம் இப்படி வெள்ளித்திரை வரை துலங்கிவிட்டது. குடியிருந்தவளின் கதை அப்படியல்ல. அயர்லாந்தில் லிமெரிக்கில் பிறந்தவள், சிறு வயதில் வேல்ஸ் போனவள், சுரங்கத் தொழிலாளியை மணந்து அவரை ஒரு வெடி விபத்தில் இழந்தவள் என்று அவளோடு வாழ்ந்த ஜோஸப் பார்னெட் சாட்சியம் சொன்னார். எல்லாம் அவள் வாயால் கேட்டது. தகப்பனார் இரும்பு ஆலையில் வேலை பார்த்த ஊர் கார்னார்வனா, கார்மார்த்தனா என்பதே தகராறு. லிமெரிக்கைத் தேடியாயிற்று, கார்டிஃபைத் தேடியாயிற்று, 1881 கணக்கில் கெல்லிகளையும் டேவிஸ்களையும் ஒருவர் விடாமல் பார்த்தாயிற்று. பெயர் மெய்தானா என்பதே சந்தேகம்.

நவம்பர் 9 காலையில் மெக்கார்த்தி தம் கடைச் சிப்பந்தி பவுயரை மில்லர்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பினார். மேரி கெல்லியின் வாடகைப் பாக்கி 29 ஷில்லிங் ஆகியிருந்தது. ஆறு வாரத்துக்கு மேல். பவுயர் கதவைத் தட்டினார். பதில் இல்லை. உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டுத் திரையை விலக்கிப் பார்த்தார்.

நவம்பர் 19-ஆம் தேதி லெய்டன்ஸ்டோனில் கத்தோலிக்கக் கல்லறையில் அவளை அடக்கம் செய்தார்கள். வழி நெடுகிலும் ஜனக் கூட்டம் நெரிந்தது. அவளுடைய உறவினர் என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் வரவில்லை.